தொண்டைக் கரகரப்பா, கொவிட்டா? முதல் இரண்டு மூன்று நாள்களில் எழும் கேள்விகள்

சிங்கப்பூரில் கொவிட்-19 ஒழிந்துவிடவில்லை, தலைப்புச் செய்தியிலிருந்துதான் இறங்கியிருக்கிறது. நோய் எச்சரிக்கை நிலை 2023 பிப்ரவரி 13இல் பச்சைக்கு, அதாவது ஆகக் குறைந்த நிலைக்கு, வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 3 முதல் 9 வரையிலான ஒரே வாரத்தில் 56,043 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்று சுகாதார அமைச்சு மதிப்பிட்டது. அப்புறம் 2024 மே, 2025 மே என்று அலைகள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வோர் அலையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் சுற்றுகின்றன. அவற்றைத் திரட்டி, தெரிந்த மருத்துவத் தகவல்களோடு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு மருத்துவரைத் தவிர்க்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

காலையிலிருந்து தொண்டை கரகரக்கிறது. கொவிட்டா, சாதாரணச் சளியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அறிகுறியை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்போது சுற்றிவரும் கிருமி வகைகள் எல்லாம் ஓமிக்ரானின் வழித்தோன்றல்கள். அவை பெரும்பாலும் தொண்டை, மூக்குப் பகுதியில்தான் வேலையைத் தொடங்குகின்றன. தொண்டை வலி, மூக்கொழுகல், தும்மல், வறட்டு இருமல், தலைவலி, உடம்பு அசதி என்று வரும். ஃபுளூவுக்கும் சாதாரணச் சளிக்கும் இதே பட்டியல்தான். அனுபவமுள்ள மருத்துவரும் சோதனை செய்யாமல் அடித்துச் சொல்ல மாட்டார்.

அதனால், "இது என்ன நோய்?" என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்பு "என் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது என்பேன். வாடகை அறையில் தனியாக இருக்கும் 25 வயதுக்காரருக்கு இது இரண்டு நாள் ஓய்வோடு முடிகிற விஷயமாக இருக்கலாம். அதுவே மூன்றறை வீட்டில் 80 வயதுப் பாட்டியோ, டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் அக்காவோ இருந்தால் கதையே வேறு. கரகரப்பு தொடங்கிய அன்றே முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏஆர்டி (வீட்டிலேயே மூக்கில் மாதிரி எடுத்துச் செய்யும் உடனடிச் சோதனை) செய்துபாருங்கள். சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் அவர்களைவிட்டுச் சற்று விலகியே இருங்கள். சளியோ ஃபுளூவோ, அதுவும் அவர்களுக்கு நல்லதல்ல.

காய்ச்சல் இல்லை. அப்படியென்றால் கொவிட் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. 2020இல் கடைத்தொகுதி வாசலிலும் அலுவலக வாசலிலும் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார்களே, அந்தப் பழக்கத்தில் வந்த நம்பிக்கை இது. அந்தக் காலத்திலேயே இது முழுக்கச் சரியாக இருக்கவில்லை. தொற்றின் தொடக்கத்தில் சீனாவில் மருத்துவமனையில் சேர்ந்த 1,099 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். சேரும் நேரத்தில் காய்ச்சல் இருந்தது 43.8 விழுக்காட்டினருக்குத்தான். பிறகு மருத்துவமனையில் இருந்த நாள்களில் அது 88.7 விழுக்காடானது. அதாவது, மருத்துவமனைக்கு வரும் அளவுக்கு முடியாமல் போனவர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டோர் வாசல் வெப்பமானியிடம் சிக்கியிருக்க மாட்டார்கள்.

இன்று தடுப்பூசியும் முந்தைய தொற்றும் தந்த எதிர்ப்பாற்றல் பலருக்கு இருப்பதால், காய்ச்சலே வராமல் போவது இன்னும் சகஜம். வந்தாலும் ஓரிரு நாள் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். காய்ச்சலுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு நாளில்தான் அலுவலகத்துக்கும், துணைப்பாட வகுப்புக்கும், கோயிலுக்கும் போய் வந்துவிடுகிறோம்.

ரசத்தின் மணம் நன்றாகத் தெரிகிறது. மூக்கு வேலை செய்தால் கொவிட் இல்லை என்று சொல்கிறார்களே?

முதல் இரண்டு ஆண்டுகளில் மணமும் சுவையும் திடீரென்று மறைவது கொவிட்டின் தனி அடையாளமாக இருந்தது. மூக்கடைப்பே இல்லாமல் காப்பித்தூள் மணம் தெரியாமல் போனால் ஏறக்குறைய சந்தேகமே இல்லை என்ற நிலை. 2021 கடைசியில் ஓமிக்ரான் வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. மணம் போனால் சோதனை செய்யுங்கள், சரி. மணம் தெரிகிறது என்பதை வைத்துச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிருமி உடம்பில் புகுந்து எத்தனை நாளில் அறிகுறி தெரியும்?

முதலில் பரவிய வகைக்குச் சராசரியாக ஐந்து நாள் ஆனது. ஓமிக்ரான் குடும்பத்துக்குச் சுமார் மூன்று நாள். சனிக்கிழமை கல்யாண விருந்தில் தொற்றினால் செவ்வாய்க்கிழமை வாக்கில் தொண்டை பேசத் தொடங்கும். சிலருக்கு இரண்டு நாளிலேயே தெரியும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரவ வாய்ப்பு உண்டு என்பதுதான் இந்தக் கிருமியின் பெரிய தொந்தரவு.

அறிகுறியே இல்லாமலும் வருமா?

வரும். இதற்குச் சிங்கப்பூரைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. 2020இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தொற்று பரவியபோது, பிசிஆர் எனும் ஆய்வகச் சோதனையில் உறுதியானவர்கள் 54,505 பேர். ஆண்டு இறுதியில் எல்லாருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, முன்பே தொற்றி வந்து போயிருந்த இன்னும் 98,289 பேர் தெரியவந்தார்கள். மொத்தத்தில் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர். அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லை, அல்லது பொருட்படுத்தாத அளவுக்கு லேசாகத்தான் இருந்தது. அந்த விடுதிகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஞாயிற்றுக்கிழமை நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

டெங்கியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படி வேறுபடுத்துவது?

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்கத்தான் வேண்டும். கொவிட் வந்த அதே 2020இல்தான் இங்கே டெங்கியும் உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு 35,000 பேருக்கும் மேல் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். இரண்டும் மருத்துவர்களையே குழப்பியிருக்கின்றன. 2020 தொடக்கத்தில் இங்குள்ள இருவருக்கு டெங்கி உடனடிச் சோதனை 'ஆம்' என்று காட்டியது. பிறகு அவர்களுக்கு இருந்தது கொவிட் என்று தெரியவந்து, அது மருத்துவ இதழிலும் வெளியானது.

பொதுவாகச் சொன்னால் டெங்கி திடீரென்று கடும் காய்ச்சலோடு வரும். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டிலும் தசையிலும் அடித்துப்போட்டது போன்ற வலி, குமட்டல், சில நாளில் தோலில் சிவப்புத் தடிப்பு ஆகியவை வரலாம். மூக்கொழுகலும் தும்மலும் பொதுவாக இருக்காது. கொவிட்டில் தொண்டை, மூக்கு, இருமல் முன்னால் நிற்கும். ஆனால் இது பொதுவான போக்குதான், விதி இல்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் கவனத்தில் வையுங்கள். ஒன்று, டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள். ரத்தக்கசிவுக்கு வழி செய்யும். பாரசிட்டமால் போதும். (இதய நோய்க்காக மருத்துவர் தினசரி ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அவரிடம் கேளுங்கள்.) இன்னொன்று, டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மகிழும்போதே கடும் வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் புளோக்கில் டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புகைமூட்ட நாள்களில் எல்லாருக்கும்தான் தொண்டை எரிகிறது...

உண்மைதான். புகைமூட்டத்தில் கண் எரிச்சல் சேர்ந்து வரும். வெளியே போனால் கூடும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் குறையும். உடம்பு வலியோ காய்ச்சலோ இருக்காது. அலுவலகக் குளிர்சாதனத்தால் வறளும் தொண்டையும் அப்படித்தான், தண்ணீர் குடித்து வெளியே வந்தால் மட்டுப்படும். சந்தேகம் இருந்தால் ஒரு ஏஆர்டி செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

ஏஆர்டி செய்து பார்த்தேன், ஒரே கோடுதான். நிம்மதியாக வேலைக்குப் போகலாமா?

ஒரே கோடு என்றால், இந்த நிமிடம் மூக்கில் எடுத்த மாதிரியில் போதுமான கிருமி இல்லை என்று மட்டும்தான் பொருள். நாளைக்கு இருக்காது என்று அது உறுதி தருவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் உடல்நலமுள்ள இளம் தன்னார்வலர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் கிருமியைச் செலுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று நடந்தது. 18 பேருக்குத் தொற்று பிடித்தது. அவர்களுக்குக் கிருமி முதலில் தொண்டையில் தென்பட்டது, மூக்கில் அதற்குப் பிறகு. கிருமியின் அளவு உச்சத்தை எட்டியது ஐந்தாம் நாள் வாக்கில். நாம் சோதிப்பதோ மூக்கை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தடுப்பூசி போட்டவர்களின் உடம்பு கிருமியைச் சீக்கிரமே அடையாளம் கண்டு சண்டையைத் தொடங்கிவிடுவதால், கிருமி பெருகும் முன்பே அறிகுறி தெரிந்துவிடுகிறது. ஆக முதல் நாள் தொண்டை வலியோடு ஒரு கோடு வருவது மிகச் சாதாரணம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ இன்னொரு முறை செய்ய வேண்டும். அதுவரை கொவிட் இருக்கலாம் என்ற நினைப்போடு நடந்துகொள்ளுங்கள்.

செய்யும் முறையிலும் சிறு தவறுகள் முடிவைக் கெடுக்கும். குச்சியை மூக்கின் நுனியில் வைத்துவிட்டு எடுப்பது போதாது. கிட்டோடு வரும் குறிப்புத் தாள் சொல்லும் ஆழத்துக்கு, இரண்டு துளைகளிலும், சொன்ன எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். மூக்குக்கான கிட்டை வைத்துத் தொண்டையில் எடுப்பதும் சரியில்லை, அது அதற்காகச் செய்யப்படவில்லை. முடிவைத் தாளில் சொன்ன நேரத்தில் பாருங்கள், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம். டி (T) கோடு, அதாவது தொற்றைக் காட்டும் கோடு, எவ்வளவு மங்கலாக இருந்தாலும், கிட் வேலை செய்கிறது என்று காட்டும் சி (C) கோட்டோடு சேர்ந்து தெரிந்தால் தொற்று உண்டு என்றே அர்த்தம். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து "இது கோடே இல்லை" என்று வாதாடுகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். சி கோடே தெரியவில்லை என்றால் கிட் கெட்டுவிட்டது, புதிதாகச் செய்யுங்கள்.

அலமாரியில் பழைய கிட் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

காலாவதித் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால், அதில் வரும் ஒரு கோட்டை நம்ப முடியாது. காரிலோ வெயில் படும் சன்னலோரத்திலோ கிடந்த கிட்டும் அப்படித்தான், பெரும்பாலானவற்றை 30 டிகிரிக்குள்தான் வைத்திருக்க வேண்டும். மருந்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் புதியது கிடைக்கும்.

தாத்தாவுக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சில் குழப்பம். இதுவும் அறிகுறியா?

இருக்கலாம். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் வீடுகளில் தவறவிடப்படுவது இதுதான்.

முதியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் ஏறாமலே போகலாம். அதற்குப் பதிலாகத் திடீர்க் குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், பசியின்மை, நடையில் தள்ளாட்டம், குளியலறையில் விழுந்துவிடுவது, திடீரென்று சிறுநீர் கட்டுப்படாமை என்று வரும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். நேற்றுவரை காலையில் எழுந்து தமிழ் முரசு நாளிதழைப் புரட்டியவர் இன்று அதைத் தொடவில்லை என்றால் அது வயதால் வந்ததல்ல. வயது ஒரே இரவில் கூடுவதில்லை. திடீர்க் குழப்பத்துக்குப் பக்கவாதம், சர்க்கரை இறங்குவது, சிறுநீர்த் தொற்று போன்ற காரணங்களும் உண்டு. அதனால் ஏஆர்டி என்ன காட்டினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நேராக ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னோர் அறிகுறி உண்டு. சாப்பாட்டில் மாற்றம் இல்லாமலே சர்க்கரை அளவு திடீரென்று ஏறும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தொண்டை வலியும் சர்க்கரை ஏற்றமும் சேர்ந்து வந்தால் சோதியுங்கள்.

சீக்கிரம் கண்டுபிடிப்பதில் ஒரு நேரடிப் பலனும் உண்டு. பாக்ஸ்லோவிட் போன்ற, கொவிட் கிருமியை எதிர்க்கும் மாத்திரைகளை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். எல்லாருக்கும் அது தேவையில்லை. நோய் கடுமையாகும் ஆபத்து உள்ளவர்களுக்குத்தான் மருத்துவர் யோசிப்பார். கொழுப்புக்கான சில ஸ்டாட்டின் மாத்திரைகள், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் சில மருந்துகள் போன்றவற்றோடு அது ஒத்துப்போகாது. ஆகவே க்ளினிக்குக்குப் போகும்போது தாத்தாவின் மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு?

பெரும்பாலும் லேசாகவே வரும்: காய்ச்சல், மூக்கொழுகல், சில சமயம் வாந்தி, வயிற்றுப்போக்கு. நாய் குரைப்பது போன்ற இருமல் ஓமிக்ரானுக்குப் பிறகு சிறு பிள்ளைகளிடம் கூடுதலாகக் கவனிக்கப்பட்டது. பாலர் பள்ளிப் பிள்ளைக்கு வாயில் புண், உள்ளங்கை, பாதத்தில் கொப்புளம் என்றால் அது கைகால் வாய்ப்புண் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே போவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, டயப்பர் வெகுநேரம் காய்ந்தே இருப்பது ஆகியவையும் அப்படித்தான்.

எப்போது 995ஐ அழைக்க வேண்டும்?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாதது, விடாத நெஞ்சுவலி அல்லது அழுத்தம், உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் எழாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். ஏஆர்டி செய்துகொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) இன்னும் எங்கேயாவது இருக்கும். பேட்டரி மாற்றிப் பாருங்கள். 95ம் அதற்கு மேலும் இயல்பு. கையைச் சூடாக்கி, நகப்பூச்சைத் துடைத்து, மறுபடி பார்த்தும் 93, 94 என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் 995தான். ஒரு விஷயத்தை நம்மவர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையான அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண் நன்றாக இருந்தும் ஆளைப் பார்த்தால் மூச்சுத் திணறுகிறது என்றால், எண்ணை விடுங்கள், ஆளை நம்புங்கள்.

கசாயம், நிலவேம்பு, ஆவி... இவை கேட்குமா?

சூடான இஞ்சிச் சாறும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதம் தரும். குடியுங்கள். கிருமியை அவை கொல்லும் என்று நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் பிரச்சினை. ஆவி பிடிக்கும்போது கொதிநீர் கொட்டிச் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு, குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். போன முறை மிச்சம் வைத்த ஆண்டிபயாடிக் மாத்திரை வைரசுக்கு எதுவும் செய்யாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதோடு தனியாகப் பாரசிட்டமாலும் போட்டால் அளவு கூடிக் கல்லீரலைப் பாதிக்கும். அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டு கோடு வந்துவிட்டது. கட்டாயம் தனித்திருக்க வேண்டுமா? வேலைக்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்)?

2023 பிப்ரவரி 13 முதல் கட்டாயத் தனிமை இல்லை. அறிகுறி அடங்கும்வரை வீட்டில் இருங்கள். போயே ஆக வேண்டிய இடம் என்றால் முகக்கவசத்தோடு போங்கள், கூட்டத்தையும் முதியவர்களையும் தவிருங்கள். எம்சி வேண்டுமானால் பக்கத்து க்ளினிக்கோ பலதுறை மருந்தகமோ (பாலிகிளினிக்) போதும். லேசான அறிகுறிக்கு மருத்துவமனை அவசரப் பிரிவில் போய் உட்கார்ந்தால் பல மணி நேரம் காத்திருக்க நேரும், இல்லாத நோய் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வரலாம். விடுதியில் தங்கியிருப்பவர்கள் விடுதி நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். ஒரே அறையில் பலர் படுக்கும் இடத்தில் மறைப்பது நண்பர்களுக்குத்தான் கெடுதல். வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தொண்டை வலி என்றாலும் இதே கவனம் வேண்டும். பாட்டியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் அவர்தானே.

ஊசியும் போட்டாச்சு, ஒருமுறை வந்தும் போயாச்சு. இன்னுமா?

இன்னும் வரும். எதிர்ப்பாற்றல் மாதங்கள் செல்லச் செல்லத் தேய்கிறது, கிருமியும் உருமாறுகிறது. ஊசி கடும் நோயைத் தடுப்பதில்தான் நன்றாக வேலை செய்கிறது, தொண்டை வலியைத் தடுப்பதில் அவ்வளவாக இல்லை. 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், நாட்பட்ட நோயுள்ளவர்கள், பராமரிப்பு இல்லவாசிகள் ஆகியோருக்கு, கடைசி ஊசிக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து மேலும் ஒன்று என்பது இங்குள்ள பரிந்துரை.

ஊருக்குப் போய்விட்டு வந்து மூன்றாவது நாள் காய்ச்சல். கொவிட் என்றே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சென்னை, திருச்சி, மதுரை என்று போய்விட்டு வந்தவர்களுக்கு டைஃபாய்டு, மலேரியா, டெங்கி, சிக்கன்குன்யா எல்லாமே சாத்தியம். விமானத்தில் பக்கத்து இருக்கையிலிருந்து ஃபுளூவும் வந்திருக்கலாம். ஏஆர்டியில் இரண்டு கோடு வந்தால்கூட, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டி நீடித்தால் வேறொன்றும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர் நடுக்கத்தோடு விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்றால் அன்றே போய்விடுங்கள், மலேரியா காத்திருக்காது. எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, கொசு கடித்ததா, வெளியில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையெல்லாம் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு எதை எழுதுவது என்று முடிவு செய்ய அவருக்கு அதுதான் வேண்டும்.